பட்டை அண்ணாத்தே உயர்த்திய ஜீப்

எழுபதுகளில் செங்கல்பட்டு ஜில்லாவில் யார் எத்தனை கிலோ என்ற விவரம் முழுவதும் ஒரே ஒரு மனிதரிடம்தான் இருந்தது. அவர் டாக்டர் இல்லை. எடை மிஷின் வைத்திருந்தவரும் இல்லை. ஜி.எஸ்.டி. ரோட்டோரம் லாரிகளுக்கு ஸ்பிரிங் பட்டை கட்டிக்கொண்டிருந்தவர். ஊருக்கு அவர் பட்டை அண்ணாத்தே. அப்பா அம்மா வைத்த பெயர் என்று ஒன்று இருந்திருக்கும். அதைத் தெரிந்தவர்கள் யாரையும் நான் சந்தித்ததில்லை.

லாரி, ஜீப்புகளின் அடியில், சக்கரத்துக்கு மேலே, வில் மாதிரி வளைந்த இரும்புத் தகடுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக் கட்டியிருப்பார்களே, அதுதான் பட்டை. வண்டி எவ்வளவு உயரம் நிற்க வேண்டும் என்பதையும், உள்ளே உட்கார்ந்தவரின் இடுப்பு என்ன ஆக வேண்டும் என்பதையும் அந்தத் தகடுகள்தான் தீர்மானிக்கின்றன. அண்ணாத்தேயின் கொள்கைப்படி வண்டியைப் பார்த்துப் பட்டை போடுபவன் மடையன்.

"வண்டிக்கு இன்னா தெரியும்? குந்திகினு போறவனுக்குத்தான நோவுது? அவன இட்டாந்து காட்டு மொதல்ல" என்பார். லாரி முதலாளி, டிரைவர், கிளீனர் எல்லோரும் வரிசையாக அவர் முன்னால் நிற்க வேண்டும். அவர் ஒரு கண்ணை மூடிக்கொண்டு தலை முதல் கால் வரை ஒருமுறை பார்ப்பார். "எழுவத்தி நாலு. அம்பத்தெட்டு. நீ நாப்பத்தஞ்சு, துன்றியா இல்லியாடா?" அவ்வளவுதான். ரயில்வே ஸ்டேஷன் மிஷினில் ஏறிப் பார்த்தவர்கள் எல்லாம் மிஷின்தான் அரைக் கிலோ தப்பு என்று சத்தியம் செய்தார்கள்.

இந்த ஞானத்தைத் தனக்குள் வைத்துக்கொள்ளவும் தெரியாது. ஒரு கல்யாண ஊர்வலத்தில், பூ ஜோடித்த காரைப் பார்த்தபடி சபையறிய, "மாப்ள எம்பத்தொண்ணு, பொண்ணு நாப்பத்தி மூணு. வண்டி இந்தாண்ட சாயும், நடுவுல யாரனா கொழந்தய குந்த வைங்க" என்று சொல்லிவிட்டார். பெண் வீட்டார் அடிக்க வந்தார்கள். ஊர்வலம் பாதி தூரம் போவதற்குள் ஒரு குழந்தை நடுவில் உட்கார வைக்கப்பட்டது.

மதுராந்தகம் அரிசி மில் முதலாளி ஒருவரின் கார் எப்போதும் வலப் பக்கம் சாய்ந்தே ஓடியது. சென்னையில் கூடக் காட்டிவிட்டுக் கடைசியாக இவரிடம் வந்தார். அண்ணாத்தே வண்டியைத் தொடவே இல்லை. "நீ தெனம் வலது பக்கமே குந்திகினு வர்றே. இனிமே ஆறு மாசம் எடது பக்கம் குந்து. தானா நேராப்பூடும்" என்று அனுப்பிவிட்டார். முதலாளி இடம் மாறி உட்கார்ந்தார். கார் நிமிர்ந்ததோ இல்லையோ, அவருடைய கழுத்து வலி போய்விட்டதாகச் சொல்லி ஒரு மூட்டை அரிசி அனுப்பினார்.

அவருடைய சைக்கிளைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. சீட்டுக்கு அடியில் நான்கு சுருள் ஸ்பிரிங்குகளைத் தானே பற்றவைத்திருந்தார். மிதிக்க மிதிக்க ஒரு முழம் மேலே எழுவார், இறங்குவார். தூரத்திலிருந்து பார்த்தால் யாரோ அலையில் மிதந்துகொண்டு வருவது போல இருக்கும். ஐம்பது வயதுக்கு மேல், வழுக்கைத் தலை, காக்கி அரை டிராயர், முகத்தில் சதா ஒரு யோசனை. இப்படியாக மேலும் கீழும் போய்க்கொண்டே அவர் ஊருக்கு வணக்கம் சொல்லும் அழகே அழகு.

எனக்கும் அவருக்கும் பழக்கம் ஏற்பட்டது ஒரு ஜீப்பால். சதுரங்கப்பட்டினத்துப் பக்கம் ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் நான் குமாஸ்தாவாக இருந்தேன். எங்களுக்கு ஒரு டாக்டரம்மா. குள்ளமான உருவம், கண்டிப்பான குரல். எங்களுக்கு ஒரு ஜீப். அதை ஓட்ட மாணிக்கம் என்றொரு டிரைவர். வாரந்தோறும் வியாழக்கிழமை தெற்கே உள்ள மீனவர் குப்பங்களுக்குப் போய்க் குழந்தைகளுக்குத் தடுப்பூசி போட வேண்டும், நோயாளிகளைப் பார்க்க வேண்டும்.

குப்பத்துக்கு ரோடு கிடையாது. மணலில் மாட்டு வண்டித் தடம்தான். சக்கரம் போகிற இரண்டு பக்கமும் பள்ளம், நடுவில் திட்டு. ஜீப் பள்ளத்தில் இறங்கியதும் அதன் வயிறு நடுத் திட்டில் உட்கார்ந்துவிடும். நான்கு சக்கரமும் அந்தரத்தில் சுற்றும். ஒரு வியாழக்கிழமை அப்படி உட்கார்ந்தது மூன்று மணி நேரம் எழுந்திருக்கவில்லை. டாக்டரம்மா மருந்துப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு இரண்டு மைல் வெயிலில் நடந்தார். அவர் போய்ச் சேர்ந்தபோது, காத்திருந்து பார்த்துவிட்டுத் தாய்மார்கள் கலைந்துபோயிருந்தார்கள். ஐஸ் பெட்டியில் ஐஸ் இல்லை. தடுப்பூசி மருந்தெல்லாம் வீண்.

மறுநாள் காலை அவர் என்னைக் கூப்பிட்டார். "இந்த வண்டியை உசத்தணும். யார் செய்வாங்களோ கண்டுபிடிங்க."

மாணிக்கமும் நானும் ஜீப்பைச் செங்கல்பட்டுக்குக் கொண்டுபோனோம். பட்டை அண்ணாத்தே பட்டறையிலிருந்து வெளியே வந்து என்னைத்தான் முதலில் பார்த்தார்.

"வா அம்பத்திரண்டு. இன்னா வேணும்?"

விஷயத்தைச் சொன்னேன். ஜீப்பைச் சுற்றி வந்தார். மாணிக்கத்தை எடை போட்டார். டாக்டரம்மா எத்தனை கிலோ என்று கேட்டார். தெரியாது என்றேன். "அப்ப அந்தம்மாவ இட்டுகினு வா" என்றார். எங்கள் டாக்டரம்மாவை எடை பார்க்க அழைத்துப் போவதை விட வேலையை விடுவது சுலபம் என்று விளக்கினேன். அவர் சற்று யோசித்துவிட்டு, "பின்னாடி யாரு வருவாங்க?" என்றார்.

"யாரும் வரமாட்டாங்க. நோயாளி யாராவது இருந்தா படுக்க வெச்சுக் கூட்டி வருவோம்."

அண்ணாத்தேயின் முகம் மாறியது. "படுத்துகினு வருவாங்களா? இத்த ஏம்ப்பா மொதல்லயே சொல்லல? குந்தறவனுக்கு ஒரு பட்டை, படுக்கறவனுக்கு வேற பட்டை. படுக்கறவனுக்கு ஒடம்பு பூரா நோவும்."

அன்றிலிருந்து நான் நோயாளி ஆனேன்.

பட்டை தேர்ந்தெடுக்கும் பரீட்சை இப்படி நடந்தது. ஜீப்பின் பின்பக்கம் என்னை மல்லாக்கப் படுக்க வைத்தார். மார்பின் மேல் ஒரு டம்ளர் நிறைய மோர். "கையால புடிக்கக் கூடாது. பேசக் கூடாது. சீக்காளி மாதிரி கெட" என்றார். ஏரிக்கரையின் மேடு பள்ளத்தில் மாணிக்கம் ஓட்ட, அவர் என் பக்கத்தில் குந்திக்கொண்டு டம்ளரையே பார்த்தபடி வந்தார்.

முதலில் லாரிப் பட்டைகளைக் காய்ச்சி, வளைவைக் கூட்டிப் போட்டார். ஜீப் ஒரு சாண் உயர்ந்து நின்றது, பார்க்கக் கம்பீரம். முதல் பள்ளத்திலேயே டம்ளர் என் முகவாயில் இடித்தது. இரண்டாவது பள்ளத்தில் டம்ளர் எங்கே போனது என்றே தெரியவில்லை. மோர் முழுவதும் என் சட்டையில். ஊர்க்காரர்கள் நின்று வேடிக்கை பார்த்தார்கள். யாரோ ஒரு பெண்மணி, "ஐயோ பாவம், சின்ன வயசு" என்றாள்.

இரண்டாவது நாள் ஏதோ ஒரு பழைய காரின் பட்டைகள். ஒரு சொட்டு மோர் சிந்தவில்லை. தூக்கமே வந்துவிட்டது. ஆனால் சோதனைக்காக ஒரு மாட்டு வண்டித் தடத்தில் இறக்கியதும் ஜீப் நெளிந்து, குனிந்து, திட்டில் வயிற்றை வைத்து உட்கார்ந்துவிட்டது. மோரைக் குடித்துவிட்டு மூன்று பேரும் தள்ளினோம்.

"ரெண்டுக்கும் நடுவுல மிலிட்டரி பட்டை ஒண்ணு கீது" என்றார் அண்ணாத்தே. "ஒசரமும் கீது, மெத்துனும் கீது. பட்டணத்துல பழைய சாமான் கடையில சொல்லி வெச்சிருக்கேன். எப்ப வரும்னு தெரியாது."

டாக்டரம்மாவுக்கு அவ்வளவு பொறுமை இல்லை. நேரே பட்டறைக்கே வந்துவிட்டார். அவரைப் பார்த்ததும் அண்ணாத்தே ஒரு கண்ணை மூடினார். நான் பதறிப்போய் அவர் காலை மிதித்தேன். பயனில்லை.

"நாப்பத்தாறு" என்றார் மரியாதையாக.

"என்ன நாப்பத்தாறு?"

"ஒண்ணுமில்லம்மா, நல்ல எட."

டாக்டரம்மா அதைக் கேட்காதது மாதிரி இருந்துவிட்டார். "அந்த உசரமான பட்டையையே போடுங்க" என்றார்.

"அது உதைக்கும்மா. பாரம் ஏத்துற பட்டை. காலி வண்டில போட்டா கல்லு மாதிரி கெடக்கும். படுத்துகினு வர்றவங்க தாங்க மாட்டாங்க."

"உள்ளே போகவே முடியலேன்னா யாரைப் படுக்க வெக்கிறது? எனக்கு முதல்ல அங்கே போய்ச் சேரணும்."

அண்ணாத்தேயை வாதத்தில் ஜெயித்தவர் என்று டாக்டரம்மாவைத் தவிர வேறு யாரையும் நான் பார்த்ததில்லை. அண்ணாத்தே லாரிப் பட்டையையே போட்டார். ஜீப் உயர்ந்தது. டாக்டரம்மாவால் அதில் ஏற முடியவில்லை. ஆஸ்பத்திரியில் குழந்தைகளை நிற்க வைக்கும் மர முக்காலி ஒன்று அன்று முதல் ஜீப்போடு பயணம் செய்தது. ஒவ்வொரு குப்பத்திலும் மாணிக்கம் முதலில் இறங்கி முக்காலியைப் போட, டாக்டரம்மா சப்பரத்திலிருந்து அம்மன் இறங்குவது போல இறங்குவார்.

போட்டுவிட்ட பிறகும் அண்ணாத்தேக்கு மனசு ஆறவில்லை. "பட்டை படியுதான்னு பாக்கணும்" என்று வியாழக்கிழமைதோறும் முதல் பஸ்ஸில் வந்து ஜீப்பில் தொற்றிக்கொள்வார். வழியெல்லாம் வெளியே தலையை நீட்டி, சக்கரத்தைப் பார்த்து முனகிக்கொண்டே வருவார். குப்பத்தில் போய் அங்கே உள்ளவர்களையும் எடை போட்டார். கரையில் மீன் ஏலம் விடும் பொன்னம்மாவிடம் முதல் நாளே, "எம்பத்தி மூணு" என்றார். பொன்னம்மாவின் குரல் அலையைத் தாண்டிப் போய் நடுக்கடலில் இருப்பவனைத் திருப்பிக் கூப்பிடும். அவள் கையிலிருந்த சங்கரா மீனை அவர் வழுக்கையைக் குறி வைத்து வீசினாள். குறி தப்பவில்லை.

ஐப்பசியில் அடை மழை பிடித்துக்கொண்டது. நான்கு நாள் கழித்து மழை சற்று விட்ட ஒரு வியாழக்கிழமை நாங்கள் புறப்பட்டோம். வழியில் தாழ்வான இடமெல்லாம் தண்ணீர். பழைய உயரமாக இருந்தால் முதல் ஓடையோடு திரும்பியிருப்போம். இப்போது ஜீப் முட்டியளவு தண்ணீரில் யானை மாதிரி நடந்துபோனது. டாக்டரம்மா அண்ணாத்தேயைத் திரும்பி ஒரு பார்வை பார்த்தார். அவர் கண்டுகொள்ளவில்லை.

குப்பத்தில் நுழைந்ததும் ஜனங்கள் ஓடி வந்தார்கள். கடல் ஏறி வந்ததால் கட்டுமரங்களை மேலே இழுத்திருக்கிறார்கள். கயிறு பிடிக்கப் பொன்னம்மாவும் போயிருக்கிறாள். ஒரு கட்டுமரம் உருண்டு அவள் வலது தொடை மேல் ஏறிவிட்டது. குடிசைக்குள் பாயில் கிடந்தாள். அந்தக் குரல் இல்லை. பல்லைக் கடித்துக்கொண்டு கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

டாக்டரம்மா பார்த்தார். வலிக்கு ஊசி போட்டார். இரண்டு துடுப்புகளை வைத்துக் காலை அசையாமல் கட்டினார். வெளியே வந்து எங்களிடம் மெதுவாகச் சொன்னார்: "தொடை எலும்பு முறிஞ்சிருக்கு. உடனே செங்கல்பட்டு பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோகணும். வழியில ரொம்ப அதிர்ந்தா முறிஞ்ச எலும்பு ரத்தக் குழாயைக் கிழிச்சிடும். அப்புறம் கால் மட்டுமில்லே, ஆளையே..."

அண்ணாத்தே ஜீப்பைப் பார்த்தார். பிறகு தரையைப் பார்த்தார்.

ஆறு பேர் சேர்ந்து பாயோடு தூக்கிப் பின்னால் படுக்க வைத்தோம். மாணிக்கம் நத்தை மாதிரி நகர்த்தினான். நூறு கஜம் கூடப் போகவில்லை. ஒரு குலுக்கல். பொன்னம்மா போட்ட அலறலில் மாணிக்கத்தின் கால் தானாக பிரேக்கை மிதித்துவிட்டது.

"நிறுத்துடா பாவிங்களா! என்ன இங்கயே கடல்ல தள்ளிட்டுப் போங்கடா!"

அண்ணாத்தே பின்னால் அவள் தலைமாட்டில் குந்தியிருந்தார். "நான் போட்ட பட்டைம்மா" என்றார், யாருக்கென்று இல்லாமல். "இது நான் போட்ட பட்டை."

பிறகு சட்டென்று கீழே குதித்தார். மணலில் படுத்து ஜீப்புக்கு அடியில் பார்த்தார். எழுந்தபோது பழைய ஆளாக இருந்தார்.

"பாரம் பத்தல! பாரம் ஏத்துற பட்டைக்குப் பாரம் குடுத்தா மெத்துனு ஆயிடும். கருவாட்டுக் கோணி கீதா? எல்லாத்தையும் கொண்டா! ஈர மணலு ரொப்பு!"

குப்பமே ஓடியது. கோணிகளில் ஈர மணல் நிரம்பி வந்தது. அவர் ஒவ்வொன்றையும் ஒரு கண்ணை மூடிப் பார்த்து, "இது முப்பது, இந்தாண்ட வை. இது முப்பத்தஞ்சு, ரெண்டு கை மணல எடு" என்று பொன்னம்மாவைச் சுற்றி அடுக்கினார். பிறகு முன்பக்கம் பாரம் வேண்டுமென்று கூட்டத்தைப் பார்த்தார். "நீ அறுவத்தாறு, வா. நீயும் அறுவத்தாறு, அந்தாண்ட ஏறு. நீ வாணாம், எலும்பு." இரண்டு வாட்டசாட்டமான மீனவர்கள் முன் சக்கரங்களின் மேலே ஆளுக்கொரு பக்கம் காவல் தெய்வங்கள் மாதிரி உட்கார்ந்தார்கள்.

ஜீப் மூன்று விரல் தாழ்ந்தது. அண்ணாத்தே விரலை வைத்தே அளந்தார்.

"தாழ்ந்துடுச்சே, போற வழியில இருக்கிற தண்ணியைத் தாண்டுமா?" என்றார் டாக்டரம்மா.

"உள்ள வரும்போது தண்ணிக்கும் வண்டித் தரைக்கும் நடுவுல எட்டு விரல் மிச்சம் இருந்திச்சு. எண்ணிகினுதான் வந்தேன். போதும்மா."

ஜீப் நகர்ந்தது. முதல் பள்ளம் வந்தது. வண்டி மெதுவாக இறங்கி, பெருமூச்சு விடுகிற மாதிரி ஏறியது.

"இப்ப எப்டி கீது பொன்னம்மா?"

"உன் தலயில இடி வுழ!"

"கொஞ்சம் கொறஞ்சிருக்கு" என்று அண்ணாத்தே என்னிடம் சொன்னார். "மொதல்ல என் வம்சத்தையே திட்டிச்சு. இப்ப என்னிய மட்டும்தான்."

அந்தப் பயணம் முழுவதும் அவளுடைய வசவுதான் அவருக்கு அளவுகோல். வசவு நீண்டால் வண்டியை நிறுத்தி, ஒரு கோணியை அந்தப் பக்கமிருந்து இந்தப் பக்கம் மாற்றுவார். சுருங்கினால் தலையாட்டுவார். ஓடையில் இறங்கியபோது தண்ணீர் படியைத் தொட்டது. என்ஜின் ஒருமுறை இருமியது. மாணிக்கம் எந்தச் சாமியை வேண்டிக்கொண்டானோ தெரியாது. அண்ணாத்தே வெளியே கையைத் தொங்கவிட்டு, "நாலு விரல்... மூணு விரல்... நிறுத்தாத, போயிக்கினே இரு... மூணு... நாலு..." என்று எண்ணிக்கொண்டே வந்தார். அக்கரை ஏறியபோது டாக்டரம்மா கண்ணை மூடிக்கொண்டிருந்தார்.

திருக்கழுக்குன்றம் தாண்டியதும் பொன்னம்மாவிடமிருந்து வசவு நின்றுவிட்டது. அண்ணாத்தே பயந்துபோய்க் குனிந்து பார்த்தார். டாக்டரம்மா நாடி பிடித்தார். "தூங்குறா" என்றார். அண்ணாத்தே தன் தோள் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். மழைத் தண்ணீர் என்று நான் நினைத்துக்கொண்டேன். மழை பெய்யவில்லை என்பது பிறகுதான் நினைவுக்கு வந்தது.

கால் பிழைத்தது. மூன்று மாதம் கட்டுப் போட்டுப் படுத்திருந்தாள். எழுந்தபோது அந்தக் கால் ஓர் அங்குலம் குட்டையாகியிருந்தது. இதைக் கேட்ட நாள் முதல் அண்ணாத்தே சாப்பாடு சரியாகச் சாப்பிடவில்லை என்று பட்டறைக்காரர்கள் சொன்னார்கள். கட்டுமரம் ஏறியதால் ஆனது, ஜீப்பால் ஆனதல்ல என்று டாக்டரம்மா தானே பட்டறைக்குப் போய் எடுத்துச் சொன்னார். அவர் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். நம்பினதாகத் தெரியவில்லை.

மிலிட்டரிப் பட்டை பட்டணத்திலிருந்து வந்தது. யாரும் சொல்லாமலே அவரே ஜீப்புக்கு மாற்றிக் கட்டினார். டாக்டரம்மாவுக்கு முக்காலி தேவைப்படவில்லை. இருந்தாலும் கௌரவத்துக்காகச் சில மாதங்கள் கூட வந்தது. நான் மோரோடு படுத்துப் பார்த்தேன். கால் டம்ளர்தான் சிந்தியது. "அது உன் மூச்சு" என்றார் அண்ணாத்தே.

அந்த வாரமே அவர் குப்பத்துக்கு ஒரு பையோடு வந்தார். பைக்குள் செருப்புகள். எல்லாம் வலது காலுக்கு மட்டும். பழைய டயர் ரப்பரைத் தகடு தகடாக வெட்டி, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கித் தைத்திருந்தார். ஒன்றில் மூன்று அடுக்கு, ஒன்றில் நான்கு, ஒன்றில் ஐந்து.

"இன்னாய்யா இது?" என்றாள் பொன்னம்மா.

"போட்டுகினு நட. இங்கேர்ந்து அந்த மரம் வரிக்கும்."

நடந்தாள். அவர் மணலில் படுத்துக்கொண்டு அவள் பாதத்தையே பார்த்தார். கழற்றச் சொன்னார். அடுத்ததைப் போடச் சொன்னார். "நாலு அடுக்கு ஓவரு. மூணு பத்தல" என்று முனகினார். அங்கேயே உட்கார்ந்து கத்தியால் ஒரு தகட்டை வெற்றிலைக் கனத்துக்குச் சீவினார். ஏலத்துக்கு நேரமாகிவிட்டது, மீன் காய்கிறது, வியாபாரிகள் கத்துகிறார்கள். பொன்னம்மா யாரையும் சட்டை செய்யாமல் அந்த மரத்துக்கும் இவருக்குமாகப் பத்து முறையாவது நடந்திருப்பாள். கடைசி முறை போனவள் திரும்பி வரவில்லை. விந்தாமல், நேரே ஏலம் நடக்கும் இடத்துக்கே போய் நின்று குரல் கொடுத்தாள்.

அண்ணாத்தே மணலைத் தட்டிக்கொண்டு எழுந்தார். ஒரு கண்ணை மூடித் தூரத்திலிருந்து அவளைப் பார்த்தார். ஏதோ சொல்ல வாயெடுத்தவர், எங்களைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டார். அவர் ஒருவருடைய எடையைச் சொல்லாமல் விட்டது அந்த ஒரு தடவைதான்.

அடுத்த வருஷம் எனக்கு மாற்றல் வந்தது. செங்கல்பட்டு பஸ் ஸ்டாண்டில் அவர் எனக்கு முன்னாலேயே வந்து நின்றிருந்தார். நேரே பஸ்ஸுக்குள் ஏறினார். ஒவ்வொரு சீட்டாக உட்கார்ந்து, எழுந்து, அமுக்கிப் பார்த்துக்கொண்டே போனார். கண்டக்டர் சத்தம் போட்டார். அண்ணாத்தே அவரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நடுவில் ஒரு சீட்டைத் தேர்ந்தெடுத்து, தோள் துண்டால் துடைத்து, ஜன்னல் வழியாக என்னைக் கூப்பிட்டார்.

"இங்க வா. பின்னாடி போவாத, தூக்கிப் போடும். இங்கதான் ஊர் வர்றவரிக்கும் உனக்கு நோவாது."

அதன் பிறகு எத்தனையோ ஊர்களுக்கு மாற்றலாகிப் போய்விட்டேன். மாலை போட்டு, போட்டோ எடுத்து, கட்டிப் பிடித்து வழியனுப்பியவர்கள் உண்டு. போகிற வழியில் எனக்கு நோகக் கூடாது என்று நினைத்தவர் அவர் ஒருவர்தான்.